அசலா, வட்டியா? எக்செல்லில் ஓர் இதயக் கணக்கு

எக்செல்லில் மார்க் லிஸ்ட், வீட்டுச் செலவு, இஎம்ஐ என்று பல கணக்குகளைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இந்த மாதம் சற்று வித்தியாசமான கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக் கொள்ளும் ஒரு பெண்ணின் இதயத்துக்கு அதனால் எவ்வளவு ஆபத்து கூடுகிறது என்பதை ஒரே வொர்க்ஷீட்டில் கணக்கிடப் போகிறோம். சம், சம்ப்ராடக்ட், கோல் சீக் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம், படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, சாப்ட்வேர் எஞ்சினியர். இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியம் எங்கள் வீட்டிலேயே வந்தது.

எங்கள் வீடு மூலக்குளத்தில். அம்மாவுக்கு வயது 54. இடது மார்பகத்தில் கட்டி. ஆபரேஷனில் மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். அடுத்தது கதிர்வீச்சு, 15 நாட்கள். நம் ஊரில் இதைக் "கரண்ட் வைப்பது" என்பார்கள். தேதி குறித்தாகி விட்டது. அந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து மாமா போன் செய்தார். வாட்ஸ்அப்பில் அவருக்கு ஏதோ வந்திருக்கிறது.

"அக்கா, இடது பக்கம் கரண்ட் வைச்சா ஹார்ட் அட்டாக் ஏழு சதவீதம் கூடுதாம். நல்லா யோசிச்சுக்கோ."

அம்மா யோசிக்கவே இல்லை. "கரண்ட் வேண்டாம். ஆபரேஷனோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லி விட்டார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. அன்று இரவு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

மாமா சொன்ன எண் பொய்யா?

பொய் இல்லை. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் சாரா டார்பி குழுவினரின் ஆய்வு ஒன்று வெளியானது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை அவர்கள் எடுத்துக் கொண்டார்கள். அவர்களில் 963 பேருக்குப் பின்னாளில் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்பு வந்திருந்தது. மற்ற 1,205 பேருக்கு வரவில்லை. ஒவ்வொருவர் இதயத்திலும் எவ்வளவு கதிர்வீச்சு விழுந்திருக்கும் என்று கணக்கிட்டு இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள்.

கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ உடல் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. இதயம் பெறும் சராசரி அளவு 1 கிரே கூடும்போது, இதயப் பாதிப்பு வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்பதுதான் ஆய்வின் முடிவு. இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லும்படியான எல்லை எதுவும் தென்படவில்லை. பாதிப்பு முதல் 5 ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி, 20 ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது.

ஆக, 7.4 உண்மைதான். ஆனால் எதில் 7.4?

அம்மா கேட்ட கேள்வி

மறுநாள் காலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பத்து வருடங்களுக்கு மேல் தெருவில் சீட்டு நடத்தியவர். கால்குலேட்டர் இல்லாமலே வட்டி போடுவார். நான் சொன்னதைக் கேட்டு விட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏம்மா, வட்டியைச் சொல்றே. அசல் எவ்வளவு?"

பாடமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 7.4 சதவீதம் என்பது வட்டி விகிதம். 100 பேரில் 7 பேருக்கு மாரடைப்பு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. கதிர்வீச்சே எடுக்காமல் இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு இதய நோய் வர ஓரளவு வாய்ப்பு உண்டு அல்லவா? அதுதான் அசல். அந்த அசலுக்கு, ஒவ்வொரு கிரேக்கும் 7.4 சதவீதம் தனி வட்டி. கூட்டு வட்டி அல்ல. பள்ளியில் படித்த தனி வட்டிக் கணக்கில் வருடங்கள் இருக்கும் இடத்தில் கிரேயைப் போட்டால் நமக்கு வேண்டிய பார்முலா தயார்.

அசல் எவ்வளவு என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. இதய நோய்க்கான காரணிகள் எதுவும் இல்லாத 50 வயது ஐரோப்பியப் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மாரடைப்பு போன்ற பாதிப்பு ஒன்றாவது வர வாய்ப்பு 4.5 சதவீதம். இதயம் சராசரியாக 3 கிரே பெற்றால் அது 5.4 ஆகிறது. அதாவது 100 பேரில் கூடுதலாக ஒருவர், அதுவும் முழுதாக அல்ல.

வொர்க்ஷீட் தயாரிப்போம்

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். பார்முலாக்கள் ஒன்றுதான். படிக்க வசதியாகச் செல் பெயர்களையும் பார்முலாக்களையும் தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தவும்.

முதலில் இதயத்தின் சராசரி அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். இதயம் முழுவதிலும் ஒரே அளவு கதிர்வீச்சு விழுவதில்லை. மார்புச் சுவரை ஒட்டினாற்போல இரண்டு பக்கங்களிலிருந்து கதிர்களைச் சாய்வாகச் செலுத்துகிறார்கள். இடது மார்பகம் என்றால் இதயத்தின் முன் ஓரம் அதில் சிறிது அகப்பட்டுக் கொள்ளலாம். பின்பக்கம் தப்பி விடும். ஆகவே இதயத்தின் எத்தனை சதவீதம் எத்தனை கிரே பெறுகிறது என்பதைத் திட்டமிடும் கம்ப்யூட்டரே ஒரு வரைபடமாகக் காட்டும். அதன் பெயர் டோஸ் வால்யூம் ஹிஸ்டோகிராம். அதை ஒரு பட்டியலாக மாற்றிக் கொள்வோம். கீழே உள்ளவை பாடத்துக்காக நான் அமைத்த எண்கள்.

1. ஏ1 செல்லில் "கிரே", பி1இல் "நடு மதிப்பு", சி1இல் "இதயத்தில் சதவீதம்" என்று தலைப்பு கொடுக்கவும்.

2. ஏ2 முதல் ஏ8 வரை 0-1, 1-2, 2-5, 5-10, 10-20, 20-30, 30-40 என்று டைப் செய்யவும். இங்கே ஒரு எச்சரிக்கை. 1-2, 2-5 போன்றவற்றை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றி விடும். அதைத் தடுக்க முதலில் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி விட்டு எண்ணை டைப் செய்யுங்கள்.

3. பி2 முதல் பி8 வரை 0.5, 1.5, 3.5, 7.5, 15, 25, 35 என்று கொடுக்கவும்.

4. சி2 முதல் சி8 வரை 45, 30, 14, 5, 3, 2, 1 என்று கொடுக்கவும். சதவீதக் குறி வேண்டாம்.

5. சி9இல் =சம்(சி2:சி8) என்று கொடுத்து என்டர் தட்டவும். 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறாக டைப் செய்திருக்கிறீர்கள்.

6. சி10இல் =சம்ப்ராடக்ட்(பி2:பி8,சி2:சி8)/சி9 என்று கொடுக்கவும். கால்க்கில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்டால் அதைப் போடவும். விடை 2.84.

சம்ப்ராடக்ட் என்ன செய்கிறது? பி2ஐ சி2ஆல் பெருக்குகிறது, பி3ஐ சி3ஆல் பெருக்குகிறது, இப்படியே எட்டாவது வரி வரை போய் எல்லாவற்றையும் கூட்டித் தருகிறது. அதை 100ஆல் வகுத்தால் சராசரி. இந்தப் பட்டியலில் இதயத்தின் முக்கால் பகுதி 2 கிரேக்கும் குறைவாகவே பெறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி வட்டிக் கணக்கு

7. பி12இல் =சி10 என்று கொடுக்கவும். இதுதான் கிரே.

8. பி13இல் 0.074. இது வட்டி.

9. பி14இல் 4.5. இது அசல்.

10. பி15இல் =1+பி12*பி13 என்று கொடுக்கவும். 1.21 வரும். அதாவது ஆபத்து 1.21 மடங்கு ஆகிறது.

11. பி16இல் =பி14*பி15. விடை ஏறக்குறைய 5.4.

12. பி17இல் =பி16-பி14. விடை 0.95. இதுதான் கூடுதல் ஆபத்து. 100 பெண்களில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

பத்தாவது வரியில் "21 சதவீதம் கூடியது" என்று சொல்லலாம். பன்னிரண்டாவது வரியில் "100க்கு ஒருவர் கூடியது" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே வொர்க்ஷீட், இரண்டும் உண்மை. வாட்ஸ்அப்பில் ஓடுவது எப்போதும் முதல் வகைதான். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அசல் எங்கே என்று தேடுங்கள்.

பி12இல் 3 என்று டைப் செய்தால் பி16இல் 5.5 வரும். ஆய்வில் 5.4 என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் வயது வாரியாகக் கணக்கிட்டார்கள். நாம் ஒரே பெருக்கலில் முடித்து விட்டோம். வீட்டுக் கணக்குக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல.

மறுபக்கத்தையும் பாருங்கள்

செலவை மட்டும் எழுதி வரவை எழுதாவிட்டால் அது கணக்கு ஆகுமா? கதிர்வீச்சால் என்ன வரவு?

கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் செய்து கொண்ட 10,801 பெண்களை வைத்து நடந்த 17 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2011இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 10 ஆண்டுகளுக்குள் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எடுத்தவர்களில் 19.3 சதவீதம். 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், எடுக்காதவர்களில் 25.2 சதவீதம், எடுத்தவர்களில் 21.4 சதவீதம். அதாவது 100 பேரில் ஏறக்குறைய 4 உயிர்கள் மிச்சம்.

இதயத்தின் பக்கம் இறப்பை மட்டும் எடுத்துக் கொண்டால், முதல் ஆய்வின்படி 3 கிரேயில் 80 வயதுக்குள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 1.9இலிருந்து 2.4 ஆகிறது. கூடுவது 0.5. வரவு 3.8, செலவு 0.5. ஒன்று 15 ஆண்டுக் கணக்கு, மற்றது 30 ஆண்டுக் கணக்கு என்பதால் நேராகக் கழித்து விட முடியாது. ஆனால் எது பெரியது என்பதில் சந்தேகம் இல்லை.

இந்த இடத்தில் அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது. எனக்குத்தான் உறுத்தியது. அம்மாவுக்குப் பல வருடங்களாக பிரஷர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைத்தால் விடுவார். 4.5 என்ற அசல், எந்தக் காரணியும் இல்லாத பெண்ணுக்கு உரியது. அம்மாவுக்கு அதைக் காட்டியது சரியில்லை.

"அம்மா, உன் அசல் இது இல்லை" என்று ஒப்புக் கொண்டு, உதாரணத்துக்கு இரு மடங்காக 9 என்று பி14இல் மாற்றினேன். பி12இல் 3. கூடுதல் ஆபத்து 2 ஆகி விட்டது. வட்டி அதே 7.4தான். அசல் பெருத்ததால் வட்டித் தொகையும் பெருத்தது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு 58.8. ஐரோப்பியப் பெண்ணின் அசலை அப்படியே நம் வீட்டுப் பெண்களுக்கு எழுதிக் கொள்ள முடியாது.

கோல் சீக்: விடையிலிருந்து கேள்விக்கு

இப்போது தலைகீழாகக் கேட்போம். கூடுதல் ஆபத்தை 2இலிருந்து 1ஆகக் குறைக்க வேண்டும் என்றால் இதயத்தில் எத்தனை கிரே விழலாம்?

எக்செல்லில் டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் க்ளிக் செய்து கோல் சீக்கைத் தேர்ந்தெடுக்கவும். கால்க்கில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. எக்செல்லில் செட் செல் என்ற இடத்தில் பி17, டு வேல்யூ என்ற இடத்தில் 1, பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி12 கொடுத்து ஓகே தட்டவும். பி12இல் பார்முலா இருந்தால் கோல் சீக் ஏற்காது, எண்தான் இருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 1.5.

3 கிரேயை 1.5 ஆக்க முடியுமா? இதைத்தான் நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே, "மூச்சைப் பிடித்தால் முடியும்" என்றார்.

மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தும்போது நுரையீரல் விரிகிறது. இதயம் மார்புச் சுவரை விட்டுப் பின்னாலும் கீழேயும் விலகுகிறது. அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிரைச் செலுத்துகிறார்கள். மூச்சை விட்டால் மெஷின் நிற்கும். இந்த முறையில் இதயத்தின் சராசரி அளவு பலருக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு குறையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஸ்கேன் எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். அம்மாவுக்கு மூச்சைப் பிடிக்காமல் 3 கிரே, பிடித்தால் 1.5 கிரே அளவில் வரும் என்றார் டாக்டர்.

தொழில்நுட்பம் மாறினால் ஆபத்து மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. இடது மார்பகத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களை வலது மார்பகத்துக்குப் பெற்றவர்களுடன் ஒப்பிட்டார்கள். நோய் எந்தப் பக்கம் வருகிறது என்பது தற்செயல்தானே? இதய இறப்பில் வித்தியாசம் தெரிந்தால் அதற்குக் கதிர்வீச்சே காரணமாக இருக்க வேண்டும். 1973 முதல் 1982 வரை சிகிச்சை பெற்றவர்களில், 15 ஆண்டுகளுக்குப் பிறகு இடது பக்கத்தவரின் இதய இறப்பு 1.58 மடங்கு. 1993 முதல் 2001 வரை சிகிச்சை பெற்றவர்களிடம் முதல் 10 ஆண்டுகளில் வித்தியாசமே தெரியவில்லை. ஸ்கேன் பார்த்துத் திட்டமிடும் கம்ப்யூட்டர்கள் வந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம். நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே இயந்திரத்தின் பெரிய அண்ணன்கள்தான் அவை.

இந்த வொர்க்ஷீட் சொல்லாதவை

ஒன்று, சராசரி சில விஷயங்களை மறைக்கும். இதயத்தின் முன்புறம் இறங்கும் முக்கிய ரத்தக் குழாய் மார்புச் சுவருக்கு அருகில் இருக்கிறது. சராசரி குறைவாக இருந்தாலும் அந்த இடத்தில் அளவு அதிகமாக இருக்கலாம். டாக்டர்கள் அதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

இரண்டு, மருந்துகளின் பாதிப்பு இதில் இல்லை. டாக்ஸோரூபிசின், ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளும் இதயத்தைப் பாதிக்கக் கூடியவை. அதற்காகத்தான் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். தவறாமல் எடுத்து விடுங்கள்.

மூன்று, புகை. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி கதிர்வீச்சால் கூடும் இதய இறப்பு, புகைக்காதவர்களுக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். நீண்ட காலம் புகைத்து, இன்னும் விடாதவர்களுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்.

நான்கு, இது முடிவெடுக்கும் மெஷின் அல்ல. டாக்டரிடம் போகும்போது சரியான கேள்வி கேட்க உதவும் கருவி. எழுதி வைத்துக் கொள்ள நான்கு கேள்விகள்:

இதயத்தின் சராசரி அளவு எத்தனை கிரே?
மூச்சைப் பிடிக்கும் முறை இங்கே உண்டா, எனக்குப் பயன்படுமா?
கதிர்வீச்சால் எனக்கு வரும் நன்மை எவ்வளவு?
என் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எந்த அளவில் இருக்க வேண்டும்?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. எங்கள் பக்கத்தில் கோரிமேடு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும் கூட்டம். டாக்டர் முன்னால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கேள்வி கையில் இருந்தால் அந்தச் சில நிமிடங்கள் போதும்.

கடைசியாக ஒரு செல்

அம்மா கரண்ட் வைத்துக் கொள்ளச் சம்மதித்தார். தேதிக்கு முந்தைய வாரம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பழகினார். நான் செல்போனில் ஸ்டாப் வாட்ச் பார்த்தேன். முதல் நாள் 11 நொடி. ஐந்தாம் நாள் 24. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "என்ன அண்ணி, இந்த வயசுல நீச்சல் கத்துக்கறீங்களா?" என்று கேட்டார். 15 நாட்களும் தடங்கல் இல்லாமல் முடிந்தன.

முடிந்த பிறகு அந்த பைலை மூடி விடலாம் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை.

"கரண்டு அளவு டாக்டர் கையில. வட்டி யாரு கையிலயும் இல்ல. அசலு?" என்றார்.

"அது உன் கையிலதான்மா."

அதே பைலில் இரண்டாவது ஷீட் ஒன்று போட்டுக் கொடுத்தேன். தேதி, காலை பிரஷர், மாலை பிரஷர், மாத்திரை, நடை என்று ஐந்து காலம். அம்மாவே டைப் செய்கிறார். மாத்திரை காலத்தில் இதுவரை ஒரு செல் கூடக் காலியாக இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் எண் யாரையாவது பயமுறுத்திக் கொண்டிருக்கலாம். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். அசல் எவ்வளவு என்று இருவருமாகத் தேடிப் பாருங்கள்.